சுவரில் எழுதிய கணக்கு

வியன்னா நகரத் தெருக்களில் நடப்பவர் கண்ணில் ஒரு காட்சி படும். அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கும் குடியிருப்புகள். அவற்றின் சுவரிலே, பெரும்பாலும் சிவப்பு வண்ணத்தில், பெரிய எழுத்துகள். அந்த எழுத்துகள் அரசன் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவன் பெயரைச் சொல்லவில்லை. நன்கொடை தந்த சீமான் பெயரையும் சொல்லவில்லை. இன்ன ஆண்டிலே, வீடமைப்பு வரியாகத் திரண்ட பணத்திலிருந்து, வியன்னா நகராட்சி இதனைக் கட்டிற்று என்று மட்டுமே சொல்லுகின்றன!

கோயில் மதிலிலே மன்னனின் கொடையைக் கல்வெட்டாகப் படித்துப் பழகியவர்கள் நாம். இத்தனை வேலி நிலம் தந்தான், இத்தனை கழஞ்சு பொன் தந்தான் என்று படித்துப் பூரித்தோம். அந்தப் பொன் எவன் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது என்று கல்வெட்டும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வியன்னாவின் சுவரோ அதைச் சொல்லுகிறது. பணம் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவாயிற்று என்னும் இரண்டையும் ஒரே வரியில் ஊரறிய உரைக்கிறது.

அந்த ஒரு வரியின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் எடுத்துச் சொல்ல விழைகிறோம்.

நகராட்சியின் வரவு செலவுத் திட்டம் என்றதும் நம் இளைஞர்களில் பலர் ஏட்டைப் புரட்டிவிடுகிறார்கள். கவிதை வேண்டும், காப்பியம் வேண்டும், கனல் தெறிக்கும் பேச்சு வேண்டும். கணக்கு மட்டும் வேண்டாம்! ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனை வகுப்பறையிலும் காண்கிறோம். கரும்பலகையில் கூட்டலும் கழித்தலும் ஏறியதும் கொட்டாவி விடுகிற மாணவன், "அரிசி விலை ஏறுகிறது, அப்பாவின் கூலியும் அதே வேகத்தில் ஏறுகிறதா?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறான். அவன் நிமிர்ந்து உட்காரும் அந்த இடத்திலேதான் அரசியல் தொடங்குகிறது.

விலை ஏறும் காலத்தில் ஒரு நகரத்துக்கு வரவு செலவுத் திட்டம் தீட்டுவதென்றால், ஏறிய சுமையை எவர் தோளிலே ஏற்றுவது என்று தீர்ப்பு எழுதுவதே. தீர்ப்பு எழுதாமல் வாளா இருந்தால் சுமை காற்றில் நிற்காது. தானாகவே வழி தேடிச் சென்று, மிக மெலிந்த தோளின்மீது அமர்ந்துகொள்ளும். இந்த உண்மையை உணர்ந்து, நாணயமே செல்லாக் காசாகிக்கொண்டிருந்த நாளில், மெலிந்த தோளைவிட்டு வலுத்த தோளுக்குச் சுமையை மாற்றிக் காட்டிய நகரம் வியன்னா.

முடி வீழ்ந்தது, பசி வீழவில்லை

1918 நவம்பரில் முதல் உலகப்போர் முடிந்தது. நூற்றாண்டுகளாகக் கோலோச்சிய ஹாப்ஸ்பர்க் மன்னர்குலம் மறைந்தது. ஐந்து கோடி மக்களுக்குமேல் அடங்கியிருந்த பேரரசு துண்டு துண்டாகி, ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சம் மக்கள் கொண்ட சிறு குடியரசாக ஆஸ்திரியா நின்றது. அச்சிறு நாட்டின் தலைநகரிலே மட்டும் பதினெட்டு இலட்சம் மக்கள்! உடல் மெலிந்துபோய்த் தலைமட்டும் பெருத்த பிள்ளையைப்போல் நின்றது வியன்னா. நிலக்கரி தந்த பகுதி வேறு நாடாயிற்று. தானியம் தந்த பகுதி வேறு நாடாயிற்று. நகரத்திலே பசி, குளிர், காசநோய். 'வியன்னா நோய்' என்றே காசத்துக்குப் பெயர் வழங்கிற்று என்றால் நிலைமையை என்னென்பது!

வீட்டு நிலைமையோ அதனினும் கொடிது. தொழிலாளர் குடியிருப்புகளிலே தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் இல்லை. பல குடும்பங்களுக்குப் பொதுவாக நடைவழியில் ஒன்று. கழிப்பிடமும் நடைவழியில்தான். வாடகை கொடுக்க வழியற்ற குடும்பம் தன் கட்டிலையே பிறருக்கு வாடகைக்கு விட்டது. இரவு வேலைக்காரன் பகலிலே படுப்பான். பகல் வேலைக்காரன் இரவிலே படுப்பான். கட்டில் ஆறுவதில்லை! அரண்மனையின் விளக்கொளியிலே நடனமாடிய நகரத்தின் மறுபக்கம் இது.

1919 மே மாதம் நகர மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. வரி கட்டும் அளவைப் பார்த்து வாக்குக்கு எடை போட்ட பழைய முறை ஒழிந்து, ஆண் பெண் அனைவரும் சமமாக வாக்களித்த முதல் நகர மன்றத் தேர்தல் அது. 165 இடங்களில் 100 இடங்களைச் சமூக சனநாயகக் கட்சியினர் வென்றனர். யாக்கோப் ராய்மன் மேயரானார். பாட்டாளியின் கட்சி நகர மன்றத்திலே ஏறிற்று. கருவூலத்தைத் திறந்து பார்த்தது. உள்ளே என்ன இருந்தது? கடன் சீட்டுகள்!

போருக்கு முன்பிருந்த நகராட்சியின் வரவு எதிலிருந்து வந்தது என்று பார்த்தால், அன்றைய நகரம் யாருக்காக இருந்தது என்பது விளங்கிவிடும். வாடகையின்மீது வரி; உண்ணும் பொருளின்மீதும் பருகும் பொருளின்மீதும் வரி; எரிவாயு, மின்சாரம், டிராம் வண்டி ஆகியவற்றில் இலாபம். ஏழைக்கும் வயிறு ஒன்று, சீமானுக்கும் வயிறு ஒன்று. ஆகவே உணவின்மீது போடும் வரி, கூலிக்காரனின் வருவாயிலே பெரும் பங்கைக் கவ்விற்று; சீமானுக்கோ கொசுக்கடி!

நோட்டு மலிந்தது, வாழ்வு நலிந்தது

புதிய மன்றம் பொறுப்பேற்ற நாளிலிருந்தே விலைவாசி குதிரைப் பாய்ச்சலில் பாய்ந்தது. போருக்கு முன்னர் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ ஐந்து குரோன். 1922 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு எண்பதாயிரம் குரோன் அளவுக்குப் போயிற்று! ஐந்து இலட்சம் குரோன் நோட்டை அச்சடித்தார்கள். வாழ்நாள் முழுவதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்த கிழவரின் வைப்புத் தொகை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் பற்றாத காகிதமாயிற்று.

இந்த வெள்ளத்தின் நடுவே நின்றுகொண்டு ஆண்டு வரவு செலவுத் திட்டம் தீட்ட வேண்டும்! சற்று எண்ணிப் பாருங்கள். சனவரியிலே இத்தனை குரோனுக்கு நிலக்கரி வாங்குவோம் என்று எழுதினால், கோடையிலே அந்தத் தொகைக்கு ஒரு கூடைக் கரியும் வராது. விலைக்கேற்ப ஊழியரின் ஊதியம் உயர வேண்டும்; உயராவிட்டால் அவர்கள் பட்டினி. வரவோ? சென்ற ஆண்டு மதிப்பிட்டு, இந்த ஆண்டு அறிவித்து, அடுத்த ஆண்டு செலுத்தும் வரி, கைக்கு வந்து சேரும்போது கருகிய சருகு. காலந்தாழ்த்துகிறவனுக்கே இலாபம்! வரியைத் தள்ளிப்போடச் சொத்துடையவனுக்கு வழக்கறிஞர் உண்டு. தள்ளிப்போட முடியாதவன், கடையிலே ரொட்டி வாங்கும்போதே வரியையும் கொடுத்துவிட்டு வருகிறவன்.

ஆகவே, விலை ஏற்றம் என்பது எல்லோரையும் ஒன்றாகத் தாக்கும் இடிமழையன்று. கூரை உள்ளவனை விட்டுவிட்டுக் கூரை இல்லாதவனைத் தேடி நனைக்கும் மழை. இதை உணர்ந்த ஒருவர் நகராட்சியின் நிதிப் பொறுப்பிலே அமர்ந்தார்.

வங்கியிலிருந்து வந்தவர்

அவர் ஹியூகோ பிரைட்னர். 1873இல் வியன்னாவிலே பிறந்தவர். லேண்டர் வங்கியில் ஊழியராகச் சேர்ந்து இயக்குநராக உயர்ந்தவர். வங்கி ஊழியரின் சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். பணத்தின் போக்கையும் அதன் போக்கிரித்தனத்தையும் உள்ளே இருந்தே பார்த்தவர். மேடையிலே முழங்கித் தலைவரானவர் அல்லர்; கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்ததால் தலைவரானவர். 1919 முதல் 1932 வரை வியன்னாவின் பணப்பெட்டி அவரிடம் இருந்தது.

ஆனால் பெட்டி இருந்தென்ன, சாவி வேண்டுமே! எந்த வரி போடலாம், எவ்வளவு போடலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நகராட்சிக்கு முழுமையாக இல்லை. அன்று வியன்னா, கீழ் ஆஸ்திரியா என்னும் மாநிலத்தின் பகுதி. சட்ட வல்லுநரான இராபர்ட் டானபெர்க் இந்த முடிச்சை அவிழ்ப்பதில் முன்னின்றார். 1920ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வழி வகுத்தது. 1922 சனவரி முதல் நாளன்று வியன்னா தனி மாநிலமாயிற்று. நகர மன்றமே மாநிலச் சட்டமன்றமுமாயிற்று. வரி விதிக்கும் சட்டத்தைத் தானே இயற்றும் உரிமை வந்தது.

நல்லெண்ணம் உண்டு, நிதி அதிகாரம் இல்லை என்றால் அந்த ஆட்சி, சாவி இல்லாத பெட்டியின்மேல் உட்கார்ந்து ஏழைக்கு ஆறுதல் சொல்வதோடு சரி. வியன்னாவின் தலைவர்கள் முதலில் சாவியைப் பெற்றார்கள். பிறகே வாக்குறுதியை வழங்கினார்கள்.

பகட்டுக்கு வரி, பாலுக்கு அல்ல

சாவி கைக்கு வந்ததும் பிரைட்னர் செய்தது என்ன?

முதலாவது, விலையோடு சேர்ந்து தானும் ஏறக்கூடிய வரிகளைத் தேர்ந்தெடுத்தார். கேளிக்கைக்கு வரி: நுழைவுச்சீட்டின் விலையில் இத்தனை விழுக்காடு. சீட்டு விலை ஏறினால் வரியும் ஏறும். தொழில் நடத்துவோருக்கு நலத்துறை வரி: அவர்கள் வழங்கும் மொத்தச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு. சம்பளம் ஏறினால் வரியும் ஏறும். பணவீக்கம் தின்னமுடியாத வரவு இது.

இரண்டாவது, பகட்டின்மீது கை வைத்தார். சொகுசு உணவு விடுதிக்கு வரி. மோட்டார் வண்டிக்கு வரி. பந்தயக் குதிரைக்கு வரி. வீட்டு வேலைக்காரருக்கும் வரி! வேலைக்காரர் ஒருவரை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. இரண்டாமவருக்கு வரி உண்டு. எண்ணிக்கை ஏற ஏற விகிதமும் ஏறும். கதவு திறக்க ஒருவர், காலணி துடைக்க ஒருவர், கனைத்தால் ஓடிவர ஒருவர் என்று வைத்திருந்த மாளிகைகளுக்கு இது நெருப்பாய்ச் சுட்டது.

மூன்றாவது, இதுதான் முகாமையானது: வரவையும் செலவையும் மக்கள் கண்முன் இணைத்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளின் பல் மருத்துவமனைக்கு ஆகும் செலவை நகரின் நான்கு பெரிய இனிப்புக் கடைகளின் வரி தருகிறது என்றார். பள்ளி மருத்துவர்களுக்கான செலவை, சாக்கர் என்னும் புகழ்பெற்ற விடுதியின் உணவு வரி தருகிறது என்றார். பிள்ளைகள் நீராடும் குளங்களுக்குப் பெரும் ஓட்டல்களின் வரி. மகப்பேறு இல்லத்தை நடத்தக் குதிரைப் பந்தயத்தின் வரி! இப்படி அவர் அடுக்கிச் சொன்னபோது, படிக்காத தாய்க்கும் 'பட்ஜெட்' விளங்கிற்று. கேக்கைத் தின்றது யாரோ. பல் நலமானது தன் பிள்ளைக்கு!

அதே வேளையில் எரிவாயு, மின்சாரம், டிராம் ஆகியவற்றை இலாபச் சுரங்கமாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டார். அவை அடக்க விலைக்கு மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது கொள்கை. நட்டத்திலும் நடத்தவில்லை, விலைக்கேற்பக் கட்டணம் உயரவே செய்தது. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாம் இலவசம் என்று கூறிக் கணக்கை ஏமாற்றியவர் அல்லர் பிரைட்னர். இலாபத்தை மட்டுமே நீக்கினார்.

வீடமைப்பு வரி

இனிச் சுவரில் எழுதப்பட்ட வரிக்கு வருவோம்.

போர்க்காலத்தில், 1917இல், வாடகையை உயர்த்தக்கூடாது என்று சட்டம் வந்தது. பின்னர் நாணய மதிப்பு சரிந்ததால் அந்த வாடகை ஒன்றுமில்லாததாயிற்று. குடியிருப்போருக்கு நிம்மதி, ஆனால் தனியார் எவரும் புது வீடு கட்ட முன்வரவில்லை. இலாபம் இல்லாத இடத்தில் முதலாளிக்கு என்ன வேலை? நகர நிலத்தின் விலையும் விழுந்தது. வீடு இல்லாதவர் தொகையோ வளர்ந்தது. தனியார் கட்டமாட்டார்கள், நகரம் கட்ட வேண்டும், நிலம் மலிவாகக் கிடைக்கிறது, பணத்துக்கு எங்கே போவது?

1923ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வீடமைப்பு வரி பிறந்தது. வீட்டுக்கும் கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் போருக்கு முன்பு என்ன வாடகையோ, அதனை அடிப்படையாக வைத்தார்கள். சிறிய வீட்டுக்குச் சிறிய விகிதம். பெரிய மாளிகைக்கு ஏணிபோல் ஏறும் விகிதம். எல்லோரும் கட்டினார்கள், கூலிக்காரனும் கட்டினான். ஆனால் எவ்வளவு? உச்சியிலே இருந்த விலையுயர்ந்த இடங்கள், எண்ணிக்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ அரையே. அவையே அந்த வரியின் மொத்த வரவில் நூற்றுக்கு நாற்பதுக்குமேல் செலுத்தின!

ஆயினும் அந்த ஒரு வரி மட்டும் போதவில்லை. மிச்சத்தை நகரின் பொது வரவிலிருந்தும், நடுவண் அரசு பகிர்ந்தளிக்கும் வரிப் பங்கிலிருந்தும் ஈடுகட்டினார்கள். இந்தப் பகிர்வுப் பங்கை நினைவில் வையுங்கள். பின்னர் கழுத்தை நெரிக்கப் பயன்பட்ட கயிறு அதுதான்.

1923 செப்டம்பரில் ஐந்தாண்டில் 25,000 வீடுகள் என்று திட்டம் தீட்டினார்கள். குறித்த காலத்துக்கு முன்பே இலக்கை எட்டினார்கள். 1927இல் மேலும் 30,000 என்றார்கள். 1934 வரையில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடியேறினர். கார்ல் ஏன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு 1930 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் மிகுந்த நீளம், 1,382 வீடுகள், மழலையர் பள்ளி, நூலகம், குளிப்பிடம், துணி வெளுக்கும் கூடம் எல்லாம் அதற்குள்ளேயே. நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல் மரத்துக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் விட்டார்கள்.

வீடு யாருக்கு? சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவனுக்கா? தேவையை அளந்து புள்ளியிட்டார்கள். பிள்ளை எத்தனை, நோய் உண்டா, இப்போதுள்ள இடம் எத்தகையது என்று பார்த்துப் புள்ளி மிகுந்தவருக்கு வீடு. வாடகை? பராமரிப்புச் செலவை ஈடுகட்டும் அளவே.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் 38 அல்லது 48 சதுர மீட்டர், சிறியவை. வீட்டுக்குள்ளே குளியலறை கிடையாது. பொதுக் குளிப்பிடத்துக்குப் போக வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளே தண்ணீர், வீட்டுக்குள்ளே கழிப்பிடம், சன்னலைத் திறந்தால் வெளிச்சம். நடைவழிக் குழாயடியிலே வரிசையில் நின்ற பெண்ணைக் கேளுங்கள், அது சிறிதா பெரிதா என்று!

கடன் வாங்கலாகாதா?

இங்கே ஒரு கேள்வி எழும். நூறாண்டு நிற்கும் வீட்டை இந்த ஆண்டின் வரிப்பணத்தில் கட்டுவானேன்? கடன் வாங்கிக் கட்டினால், நாளை குடியிருப்பவனும் சுமையில் பங்கு கொள்வானே? அன்றும் அறிஞர்கள் இதைக் கேட்டார்கள். கேட்கத்தக்க கேள்விதான்.

பிரைட்னரின் விடை, காலத்தையும் இடத்தையும் பார்த்துச் சொன்ன விடை. நாணயம் நிலைப்பட்ட பின்னர் வட்டி மிகக் கடுமையாக இருந்தது. கடனிலே கட்டினால் வட்டி வாடகையில் ஏறும். வாடகையில் ஏறினால் எந்தத் தொழிலாளிக்காகக் கட்டினோமோ அவன் உள்ளே நுழைய முடியாது. வீடு அவனுக்கு, வாடகை வங்கிக்கு! வரியிலே கட்டினால் கட்டி முடித்த அன்றே கணக்கு முடிந்தது.

மற்றொரு காரணமும் கண்ணெதிரே நின்றது. அதே 1922இல், அதே வியன்னாவிலிருந்து ஆண்ட நடுவண் அரசு, இக்னாஸ் சைப்பல் என்னும் பாதிரியார் தலைமையில், ஜெனீவாவிலே கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டது. உலக நாடுகள் சங்கத்தின் வழியாக 65 கோடி பொற்குரோன் கடன். நாணயம் நிலைத்தது, உண்மை. ஆனால் கடனோடு ஒரு கண்காணிப்பாளரும் வந்தார். நாட்டின் வரவையும் செலவையும் மேற்பார்க்க அயல்நாட்டு ஆணையர் ஒருவர் வியன்னாவிலே அமர்ந்தார். ஓர் இலட்சம் அரசு ஊழியரை நீக்க வேண்டும் என்பது நிபந்தனை. பல்லாயிரவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரே ஊர், ஒரே நெருக்கடி, இரண்டு கணக்கேடுகள். ஒன்று கடன் கொடுத்தவனைப் பார்த்து எழுதப்பட்டது. மற்றொன்று குடியிருக்க இடமில்லாதவனைப் பார்த்து எழுதப்பட்டது. பொருளை உண்டாக்குவதும், சேர்ப்பதும், காப்பதும், பிறகு தக்கவாறு பங்கிடுவதும் அரசின் வேலை என்று நம் வள்ளுவர் வகுத்துச் சென்றார். முதல் மூன்றைச் செய்ய அரசர்கள் போதும். நான்காவதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

அந்த நெஞ்சுரத்தின் விளைவு வீட்டோடு நிற்கவில்லை. மருத்துவரான யூலியஸ் டாண்ட்லர் நலத்துறையை ஏற்றார். பிள்ளைகளுக்குச் செலவிட்டால் சிறைச்சாலைக்குச் செலவிட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1927 முதல், பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் நகராட்சியே துணிமணிப் பொதி தந்தது. ஏழை என்று எழுதிக் கொடுத்தால் தருவோம் என்றில்லை, பிறந்தாலே போதும்! பிச்சை, உரிமையாயிற்று. பள்ளித் துறையிலே ஓட்டோ குளோக்கல். 1919இல் நாட்டுக் கல்விப் பொறுப்பில் இருந்தபோதே, பள்ளியில் மாணவரை மதச் சடங்குக்குக் கட்டாயப்படுத்துவதை நீக்கியவர் அவர். பின்னர் வியன்னாவின் பள்ளிகளில் மனப்பாடத்தைக் குறைத்து, பிள்ளை தானே பார்த்துச் செய்து கற்கும் முறையைப் பரப்பினார். ஆசிரியராகிய நமக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போதே கை குவிகிறது.

சீறினர் சீமான்கள்

சீமான்கள் சும்மா இருந்தார்களா? 'வரிக் கொடுங்கோன்மை' என்றார்கள். 'வரி போல்ஷ்விசம்' என்றார்கள். நாடக அரங்கினர் கேளிக்கை வரி தங்களை நசுக்குகிறது என்று முறையிட்டனர். அதில் உண்மையும் இருந்தது. முதல் போட்டவர்கள் ஓடிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று ஏடுகள் எழுதின. வேலையின்மை அக்காலம் முழுதும் வியன்னாவை வாட்டியது மெய்யே. ஆனால் அது ஆஸ்திரியா முழுவதையும் வாட்டிற்று. பகட்டு வரி இல்லாத ஊர்களையும் வாட்டிற்று. வியன்னாவிலோ கட்டட வேலையாவது ஆயிரமாயிரம் கைகளுக்குக் கிடைத்தது.

வாதத்தில் வெல்ல முடியாதவர்கள் பிறப்பைப் பேசினார்கள். பிரைட்னர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1930 தேர்தலின்போது, ஹைம்வேர் என்னும் ஆயுதப்படையின் தலைவர் இளவரசர் ஸ்டாரெம்பெர்க், வியன்னாவின் நடு மைதானத்திலே நின்று, இந்த 'ஆசியாக்காரனின்' தலை மண்ணிலே உருண்டால்தான் நமக்கு வெற்றி என்று முழங்கினார். வரிக் கணக்குக்கு விடை தலை வெட்டு! பிறப்பைச் சொல்லி இழிவுசெய்யும் குரல் எந்த மொழியில் ஒலித்தாலும் நமக்குப் பழகிய குரலாகத்தானே கேட்கிறது? அது எழும்போதெல்லாம் அதன் பின்னே ஒரு பணப்பை ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கயிறும் பீரங்கியும்

1929இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி. 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கியான கிரெடிட் ஆன்ஸ்டால்ட் சரிந்தது. கேளிக்கை குறைந்தது, பகட்டு குறைந்தது, அவற்றின்மீது நின்ற வரியும் குறைந்தது. பகட்டு வரியின் பலவீனம் இது: செல்வன் செலவிடும் வரையில்தான் அது பாயும். அதே 1931இல் நடுவண் அரசு வரிப் பகிர்வுச் சட்டத்தைத் திருத்தி, வியன்னாவின் பங்கை வெட்டிற்று. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன கயிறு இறுகத் தொடங்கிற்று. 1932இல் பிரைட்னர் பதவி விலகினார். டானபெர்க் அந்த இடத்துக்கு வந்தார்.

1933 மார்ச்சில் தலைமை அமைச்சர் டோல்ஃபுஸ் நாடாளுமன்றத்தை முடக்கினார். அவசர ஆணைகள் ஒவ்வொன்றாக வந்து வியன்னாவின் வரவைப் பறித்தன. நகராட்சி அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடிற்று, நீதிமன்றமும் முடக்கப்பட்டது! 1934 பிப்ரவரி 12ஆம் நாள் உள்நாட்டுச் சண்டை மூண்டது. வரிப்பணத்தில் கட்டிய வீடுகளின்மீது அரசின் பீரங்கி குண்டு பொழிந்தது. கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின் சுவர்கள் பிளந்தன. மேயர் கார்ல் சைட்ஸ் கைது செய்யப்பட்டார். நகர மன்றம் கலைக்கப்பட்டது.

அந்தக் கணக்கை எழுதியவர்களின் கதி என்ன? டாண்ட்லர் அயல்நாட்டிலே, 1936இல் மாஸ்கோவில் இறந்தார். குளோக்கல் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டு, வெளிவந்து, 1935இல் மறைந்தார். பிரைட்னர் அமெரிக்காவிலே அகதியாய் வாழ்ந்து, 1946இல் அங்கேயே கண் மூடினார். டானபெர்க்கை நாசிகள் பிடித்தனர். 1942இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் அவர் வாழ்வு முடிந்தது.

வீடுகள் நிற்கின்றன. பிளந்த சுவர்களைச் செப்பனிட்டார்கள். 1945க்குப் பிறகு வியன்னா மீண்டும் நகராட்சி வீடுகளைக் கட்டிற்று. அவற்றுள் ஒன்றுக்கு ஹியூகோ பிரைட்னரின் பெயர். இன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து இருபதாயிரம் வீடுகளுக்கு அந்த நகராட்சி உரிமையாளர்.

தோழர்களே, கணக்கைக் கேளுங்கள்

இந்த வரலாற்றைப் படித்து, 'வியன்னாவைப் பார்' என்று வியந்துவிட்டு நாம் உறங்கப் போவதற்கில்லை. அது எழுந்த இடத்திலும் பாடம் இருக்கிறது. விழுந்த இடத்திலும் பாடம் இருக்கிறது.

எழுந்தது எதனால்? நிதி அதிகாரத்தை முதலில் பெற்றதால். விலையோடு ஏறும் வரவைத் தேடியதால். சுமையை வலுத்த தோளுக்கு மாற்றியதால். ஒவ்வொரு காசும் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை மக்களுக்குப் புரியும் மொழியில் சொன்னதால். விழுந்தது எதனால்? தன் வரவில் ஒரு பெரும் பங்கைத் தன்னை வெறுக்கும் அரசின் கையிலே விட்டுவைக்க வேண்டியிருந்ததால். நகரத்தில் பெரும்பான்மை பெற்றவர்கள் நாட்டிலே பெறவில்லை. கணக்கிலே வென்றவர்கள், கணக்குக்கு வெளியே நின்ற பீரங்கியை எதிர்த்து நிற்க முடியவில்லை.

ஆகையால், எந்த ஊரின் வரவு செலவுத் திட்டம் கைக்கு வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. விலை ஏறிற்று, ஆகவே வரியும் கட்டணமும் ஏறும் என்கிறார்களே, யாருக்கு எவ்வளவு ஏறுகிறது? குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே விகிதமா? செலவைக் குறைக்கிறோம் என்கிறார்களே, குறைவது எது: விருந்தா, மருந்தா? கடன் வாங்குகிறோம் என்கிறார்களே, அதன் வட்டி எவனுடைய வாடகையில் வந்து ஏறும்? வரியைப் பிரித்துத் தரும் உரிமை எவன் கையில் இருக்கிறது. அவன் நாளை கையை மூடிக்கொண்டால் என் ஊர்ப் பிள்ளையின் பள்ளி என்னாகும்?

இந்தக் கேள்விகளுக்குப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை. வகுப்பிலே நிமிர்ந்து உட்கார்ந்த அந்தச் சிறுவனின் கேள்விதான் அத்தனையும். சற்றே விரித்து எழுதியிருக்கிறோம். 'அதெல்லாம் மேலே இருக்கிறவர்களுக்குத்தான் விளங்கும்' என்று சொல்லப்பட்ட வேதங்களை நம்ப மறுத்தவர்கள் நாம். கணக்கேட்டை மட்டும் புதிய வேதமாக்கிவிட்டு, விளங்காமலே கும்பிட்டுக்கொண்டிருக்கலாமா?

நூலகத்துக்குப் போங்கள், நகராட்சி மன்றத்துக்குப் போங்கள், இந்த ஆண்டின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வியன்னாவிலே சுவரில் எழுதினார்கள். நம் ஊரிலே எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் பணி.